சுவாமி வீடு கேட்டால்

பெங்களூரு அல்சூரில் கல்யாணமாகாத பையன் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கட்டும். பத்து மாத அட்வான்ஸ், ஆதார் நகல், அப்புறம் ‘கருவாடு வறுப்பீங்களா?’ என்று ஒரு குறுக்கு விசாரணை. குற்றவாளி என்றால் கருவாட்டு வாசனையிலேயே தெரிந்துவிடுமாம்!

இங்கிருந்து ரிச்மண்ட் ரோடு ஆட்டோ தூரம்தான். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷகீரா அங்கே பங்களாவில் இருந்தார். இரண்டாவது கணவர் சிரத்தானந்தா. பெயருக்கு முன்னால் ‘சுவாமி’ உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு அட்வான்ஸே கேட்கமாட்டார்கள் நம்மவர்கள். 1991இல் ஷகீரா காணாமல்போனார். அம்மா எங்கே என்று மகள் கேட்கும்போதெல்லாம் சுவாமியிடம் புதுப்புது பதில். 1994இல் போலீஸ் அந்த வீட்டு வளாகத்தையே தோண்டியது. ஷகீராவுக்கு மயக்க மருந்து கொடுத்து, பெட்டிக்குள் கிடத்திப் புதைத்திருந்தார் சுவாமி.

2023இல் இது ‘டான்சிங் ஆன் தி கிரேவ்’ என்ற ஆவணத் தொடராக வந்தது. பார்த்த ஓனர்கள் ‘அடப்பாவி, பார்த்தா தெரியலையே!’ என்றார்கள். பார்த்தால் தெரியாது என்பதுதானே ஐயா முழுக் கதையும்?

சுவாமிக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2008இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது: சாகும்வரை சிறை, தண்டனைக் குறைப்பு கிடையாது.