ட்வீட்டரைக் கருக்கச் சுலப வழிகள்

புது ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்களா? வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு தகவலும் தெரியாமல் போவது நல்லது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டால் பாதி சுவாரசியம் போய்விடும்.

கடையில் எந்தப் பெட்டியில் எண் பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அதை எடுங்கள். ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்றிருந்தால் உத்தமம். எப்படி அளந்தார்கள் என்று கேட்டு விற்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். பி.எம்.பி.ஓ.வுக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது, அவரவர் மனசுதான் கணக்கு. அதே பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில், கரண்ட் இழுப்பது 60 வாட்ஸ் என்று இருக்கும். 60 உள்ளே போய் 5000 வெளியே வருகிறது! மின்வாரியத்தின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1974இல் அரசே குறுக்கிட்டு, வாட்ஸ் கணக்கை விளம்பரப்படுத்தினால் எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு, தொடர்ந்து எவ்வளவு தரும் என்று சொல்லியாக வேண்டும் என விதி போட்டது. ரசனை கெட்டவர்கள்.

ஏ.வி. ரிசீவர் என்றால் இன்னும் வசதி. ‘7 சேனல், சேனலுக்கு 100 வாட்ஸ்’ என்பதை 700 என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த 100 பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது என்பதெல்லாம் நமக்கெதற்கு?

ஸ்பீக்கர் சீட்டில் ‘சென்சிட்டிவிட்டி’ என்றொரு வரி இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு அது. தப்பித்தவறியும் படிக்காதீர்கள், பணம் மிச்சமாகிவிடும். 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் வாங்கிக்கொண்டு போடும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே போட்டுவிடும். 50 வாட்ஸ் ஆம்ப்பைத் தள்ளிவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு சக்தி வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகு பெரிய ஆம்ப் வாங்க யாருக்கு மனசு வரும்?

அடுத்தது ஓம். ஆம்ப்பின் பின்னால் ‘குறைந்தது 8 ஓம்’ என்று எழுதியிருந்தால் அது கோழைகளுக்கான அறிவுரை. ஹால் ஸ்பீக்கர் 8 ஓம். சமையலறைக்கும் பாட்டு வேண்டும் என்று அதே முனையில் இன்னொரு 8 ஓமைப் பேரலலாகச் சேருங்கள், 4 ஆகும். மாடிக்கும் திண்ணைக்கும் ஒவ்வொன்று சேர்த்தால் 2. ஆம்ப்பிடம் இப்போது முன்பைவிட நாலு மடங்கு கரண்ட் கேட்கிறீர்கள். மேல்மூடியில் தோசை வார்க்கலாம். நடுப்பாட்டில் ‘டிக்’ என்று பாதுகாப்பு ரிலே விழுந்து அமைதியானால், ஆறவிட்டு மறுபடி போடுங்கள். ரிலே வைக்காத ஆம்ப்பாக இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை, ஒரேயடியாக வேலை முடிந்துவிடும்.

ஸ்பீக்கருக்குள் மேல் அதிர்வெண்களைப் பாடும் குட்டி ட்வீட்டர்தானே நமக்குக் குறி? பெரிய ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது ஊரெல்லாம் பேசும் பேச்சு. சின்ன ஆம்ப்பே போதும். 100 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கருக்கு 15 வாட்ஸ் ஆம்ப்பை மாட்டி, கல்யாண வீட்டுச் சத்தம் வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். கொடுக்கச் சக்தியில்லாத ஆம்ப், அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டி அனுப்பும். வெட்டிய அலையில் மேல் அதிர்வெண்கள் எக்கச்சக்கம். அத்தனையும் ட்வீட்டரின் மெல்லிசான காயிலுக்குத்தான் போய்ச் சேரும். சத்தம் கரகரத்தால் ட்ரெபிளையும் முழுக்க ஏற்றுங்கள். சற்று நேரத்தில் இரைச்சல் அடங்கி இதமாகக்கூடத் தோன்றும். சலங்கையும் ஜால்ராவும் மட்டும் பாட்டில் இருக்காது.

ஒயர் கோக்கும்போது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகுங்கள். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போகும். சப்வூஃபர் விற்பவர் அதே தெருவில்தான் இருக்கிறார்.