இருபது யூரோ ஒப்பாரி

மார்கழி லீவுக்கு ஊருக்கு வரும் லண்டன்காரர் முன்பெல்லாம் நுளம்பு, ஒழுங்கை வெள்ளம், கரண்ட் நிற்பது என்று மூன்று குறைதான் சொல்வார்கள். இந்த முறை நாலாவது ஒன்று சேர்ந்திருக்கிறது. பாரிஸில் சாமத்தியவீட்டுக்குப் போன இடத்தில் விரலை வை, முகத்தைக் காட்டு, எத்தனை நாள் நிற்பாய், எங்கே தங்குவாய் என்று கேட்டுவிட்டார்களாம். பிரிட்டிஷ் பாஸ்போட்டைப் பார்த்த பிறகும் கேட்டார்களாம். போதாக்குறைக்கு இனி இருபது யூரோவும் கட்டவேண்டுமாம். இதை யாரிடம் வந்து சொல்கிறார்கள்? அதே பாரிஸுக்கு விசா கேட்டு, காணி உறுதி வரைக்கும் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுத்து, நீ திரும்பிப் போவாய் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்ற கடிதத்தோடு யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் இருப்பவனிடம். கிணறு வற்றியவன் வீட்டு விறாந்தையில் குந்திக்கொண்டு, தன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி முக்கால்வாசிதான் நிரம்புகிறது என்று அழுகிற கதை இது. ஆனாலும் அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது என்பதே என் கட்சி. எரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதை நிறுவப் பார்க்கிறேன்.

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 51.9 வீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம் என்றார்கள். 2020 ஜனவரி 31இல் வெளியேறினார்கள். அந்த வருடத்தின் கடைசி நாளோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. அன்றிலிருந்து லண்டன்காரர் ஐரோப்பாவுக்கு அந்நியர். 180 நாளில் 90 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. பாஸ்போட் எடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக்கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் அதற்கு மூன்று மாதம் உயிர் இருக்கவேண்டும். 2025 ஒக்டோபர் 12இல், முத்திரை குத்தும் பழைய முறையை விட்டு, விரலையும் முகத்தையும் படிப்படியாகக் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். இருபது யூரோ அனுமதி 2026இன் கடைசிக் காலாண்டில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை கட்டினால் மூன்று வருடத்துக்குப் போதும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இலவசம். ஆகவே குடும்பத்திலேயே அதிகம் புலம்பும் பெரியப்பா ஒரு சதமும் கட்டப்போவதில்லை. லண்டனும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போட்காரர் உள்ளே வர ஒன்லைனில் அனுமதி எடுக்கவேண்டும் என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்து, 16 பவுண் கேட்டது. ஆக, பிரான்ஸ் சித்தி லண்டன் கலியாணவீட்டுக்கு வருவதற்கும் காசு, லண்டன் சித்தி பிரான்ஸ் கலியாணவீட்டுக்குப் போவதற்கும் காசு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் என்வலப்புக்கு முன்னால் அரசாங்கத்துக்கு ஒரு என்வலப்.

இவற்றையெல்லாம்விடக் கொடிய விதி ஒன்று இருக்கிறது. அதற்கு எதிராக ஏன் இன்னும் ஒருவரும் ஊர்வலம் போகவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மட்டன் ரோலைத்தான் சொல்கிறேன். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக்கூடாது. 2021 ஜனவரியில் நெதர்லாந்துச் சுங்கக்காரர் பிரிட்டனிலிருந்து வந்த சாரதி ஒருவரின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து உலகம் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அதே சட்டத்தின்படி, லண்டன் ஈஸ்ட்ஹாமில் விடியப்புறம் எழும்பிப் பொரித்து, எண்ணெய் வடியவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, காரின் பின் சீற்றில் வைத்துப் பிரான்ஸின் கலேக்குக் கொண்டுபோகும் நூறு ரோலும் கடத்தல் பொருள் என்பது மண்டையில் ஏறியதா தெரியவில்லை. மீன் என்றால் ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். ஆக, கருவாடு நாற்றத்தோடு எல்லை தாண்டலாம், மட்டன் ரோல் வாசத்தோடு தாண்ட முடியாது. ஒரு ரோலின் உள்ளே இருப்பது மீனா மட்டனா என்று வெளியிலிருந்து பார்த்து அதைச் சுற்றிய மாமியாலேயே சொல்ல முடியாதே, சுங்க அதிகாரி எப்படிச் சொல்வார்? ஒவ்வொன்றாகப் பிய்ப்பாரா? ஒன்றைப் பிய்த்து மீன் என்று கண்டால் மிச்சம் 99க்கும் அது சாட்சி ஆகுமா? மரக்கறி ரோல் ஐயா என்று கையெடுத்துக் கும்பிட்டால், முட்டையில் தோய்த்துத்தானே தூள் பிரட்டினாய் என்று மடக்குவாரா? மடக்கினால், முட்டையும் விலங்குப் பொருள்தான் என்ற இடத்தில் எங்கள் அப்புக்காத்துமாரே வாயடைத்துப்போவார்கள்.

பழத்துக்கும் மரக்கறிக்கும் நோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பிரசல்ஸில் இந்தப் பட்டியலை எழுதியவர் போன பிறப்பில் ஏதோவொரு கோயிலில் குருக்களாக இருந்திருக்கவேண்டும். அர்ச்சனைத் தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் தப்பிவிட்டன. வெற்றிலை மட்டும் மாட்டிக்கொண்டது. எதிர்த்திசையிலும் வழி இல்லை. ஐரோப்பாவில் மாடுகளுக்குக் கால்-வாய் நோய் என்று காரணம் காட்டி, 2025 ஏப்ரல் 12 முதல் அங்கிருந்து இறைச்சியும் பாலும் கொண்டுவரப் பிரித்தானியா தடை போட்டது. தண்டம் 5,000 பவுண் வரை போகலாம். பாரிஸ் லா சப்பலில் கட்டி வாங்கிய ஆட்டுக் கொத்துக்கு ஐயாயிரம் பவுண்! அந்தக் காசுக்கு ஊரில் ஆட்டுப்பட்டியே வைக்கலாம். ரோலிலேயே நிற்கிறேன் என்று நினைப்பீர்கள். நிற்கத்தான் வேண்டும். ஒன்றியம் என்பதை ஒப்பந்தம், வர்த்தகம், கொடி என்று பெரிய மனிதர் பேசுவார்கள்; சாதாரண மனிதனுக்கு அது தந்தது பொதிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்காத நிம்மதி. கேட்காத கேள்வியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால்தான் வாக்குப் போடும்போது அது கணக்கில் வரவில்லை.

இருபது யூரோ ஒரு காசா, லண்டனில் கார் நிறுத்தவே அதைவிட ஆகும் என்று ஒரு மறுப்பு வரும். உண்மைதான். உடுப்பிட்டிக் கணக்கில் அது வெறும் சில்லறை. பாரிஸுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாக் கட்டணம் 2020இல் 60 யூரோவிலிருந்து 80 ஆகி, 2024 ஜூனில் 90 ஆனது. எங்கள் ரூபாயில் முப்பதாயிரத்துக்கு மேல். பிரித்தானிய விசிட் விசா 2025 ஏப்ரலில் 127 பவுண் ஆனது. பிரான்ஸுக்கும் லண்டனுக்கும் ஒரே பயணத்தில் போக நினைத்தால் இரண்டும் தனித்தனி, ஏனென்றால் பிரித்தானியா ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் ஷெங்கனில் இருந்ததில்லை. இதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, ஆறு மாத பாங்க் கணக்கு, ஸ்பொன்சர் கடிதம், கொழும்புக்கு இரவு பஸ். யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் என்ற ஒன்று திறந்ததே 2025 செப்டம்பரில்தான். விசா இல்லை என்றாலும் கட்டின காசு வராது. விண்ணப்பத்தைப் பார்த்ததற்குத்தான் கூலி, முடிவுக்கு அல்ல என்பார்கள். சரி, கூலி என்றே வைத்துக்கொள்வோம். பணக்காரனின் தாளைப் புரட்டவும் ஏழையின் தாளைப் புரட்டவும் ஒரே கூலி என்றால், ஒருவனுக்கு அது மத்தியானச் சாப்பாடு, மற்றவனுக்கு மாதச் சம்பளத்தில் பாதி. இருபது யூரோக்காரனுக்கும் தொண்ணூறு யூரோக்காரனுக்கும் வலி ஒன்றல்ல. ஆனால் இருவரும் காசு கட்டுவது, நான் கள்ளன் இல்லை என்று காட்டுவதற்குத்தான். அதனால்தான் லண்டன்காரரின் அழுகை நியாயம் என்கிறேன். நாற்பது வருடம் பிந்தி அழுகிறார்கள் என்பது மட்டும்தான் குறை.

அவர்களே வாக்குப் போட்டுத் தேடிக்கொண்ட வினை என்பது அடுத்த மறுப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாக்கெடுப்பில் பிரித்தானியாவில் வசித்த கொமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரஸ் தவிர்ந்த ஐரோப்பிய நாட்டார் வாக்களிக்க முடியாது. அதாவது, இலங்கைப் பாஸ்போட்டோடு போன வருடம் வந்திறங்கிய மாணவன் பிரித்தானியா ஐரோப்பாவில் இருப்பதா இல்லையா என்று தீர்மானிக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்து பத்து வருடம் வரி கட்டிய அவனுடைய மச்சான், தேநீர் குடித்துக்கொண்டு பார்த்திருக்கலாம். பிறகு தொடர்ந்து இருக்க விண்ணப்பம் போட ஓடியதும் மச்சான்தான். அதற்கும் 65 பவுண் கேட்கத்தான் இருந்தார்கள். 2019 ஜனவரியில் அப்போதைய பிரதமர் தெரேசா மே அதைக் கைவிட்டார்.

நாற்பது வருடம் என்று சும்மா சொல்லவில்லை. 1985க்கு முன்னர் இலங்கையர் பிரித்தானியாவுக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெடியள் ஹீத்ரோவில் இறங்கி அகதி விண்ணப்பம் போடத் தொடங்க, 1985இல் விசா வந்தது. கொமன்வெல்த் நாடுகளுக்குள் அந்த மரியாதை முதலில் கிடைத்தது இலங்கைக்கு. அதற்கும் முன்னால் இன்னொரு பிரிவு இருக்கிறது. உடுப்பிட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல்கள் தமிழ்நாட்டுக் கரைக்குப் போய்வந்த காலத்தில், இரு கரைக்கும் ஒரே பிரித்தானிய முடி. அந்த முடி போன பின், 1948இன் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டவன் போனது நல்லதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அவன் போகும்போது கடலுக்கு நடுவில் ஒரு கவுண்டரைத் திறந்துவிட்டுப் போனான் என்பதுதான் சங்கதி. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஓகஸ்டில் மீண்டும் விட்டார்கள். சில மணித்தியாலப் பயணம், ஆனால் விசா இல்லாமல் ஏற முடியாது.

விலக்கு ஒன்று உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1974ஆம் ஆண்டு செய்த கச்சதீவு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவின்படி, அந்தத் தீவில் நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு வரும் இந்திய யாத்திரிகரிடம் இலங்கை விசாவோ பயணப் பத்திரமோ கேட்கக்கூடாது. பாக்குநீரிணையின் இரு கரைத் தமிழரும் விசா இல்லாமல் சந்திக்கச் சட்டம் இடம் கொடுத்திருப்பது, குடிதண்ணீர் இல்லாத அந்த 285 ஏக்கரில், வருடத்தில் இரண்டு நாள்.