எலுமிச்சை உத்தரவாதம்

ஜப்பானின் நிப்பான்டென்சோ நிறுவனம், எல்லா ஊழியரையும் இயந்திரப் பராமரிப்பில் இறக்கி 1971-இல் விருது வாங்கியது. பாவம், எவ்வளவு சிரமம்! விசைத்தறிகள் ஓடும் எங்கள் வெண்ணந்தூர் பக்கம் வந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம்.

ஆயுதபூஜையன்று தறியைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டால் அடுத்த ஆயுதபூஜை வரை உத்தரவாதம். நடுவில் போல்ட் கழன்றால் பாவு நூலே போதும், இறுக்கிக் கட்டலாம். ஆடுகிற கட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். ஊடை நூலோடு ஓடும் நாடா தெறித்துச் சுவரில் குழி விழுந்தால், அந்தக் குழிக்கு நேரே யாரும் நிற்பதில்லை. பாதுகாப்பு விதி என்றால் இப்படித் துல்லியமாக இருக்க வேண்டும்.

எண்ணெய் விடத் தறியை நிறுத்துவது வீண் செலவு. உடைந்தால் அதுவே நிற்கும்; அப்போது விட்டுக்கொள்ளலாம். தறியின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கும் முறை உலகில் வேறெங்கே உண்டு?

துணை மின்நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நின்ற ஒரு நாள், ஒரு தறிக்கூடத்தில் கேட்டேன்: "இன்னைக்காவது தறியைப் பாக்கலாமே?"

மேஸ்திரி சிரித்தார். "கரன்ட் இல்லாதப்ப எல்லாத் தறியும் நல்லாத்தானுங்க இருக்கு!"