டாலரின் ஊர்த்துவ தாண்டவம்

கேள்வி: மகளைப் பார்க்கக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். அந்த ஊர் டாலரை எங்கே வாங்கினால் கட்டுபடியாகும்? கடைசியில் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருவாலங்காடு

பதில்: காளியை ஜெயிக்க உங்கள் ஊர் நடராஜர் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கினார் அல்லவா? விமான நிலையக் கவுன்ட்டரில் டாலர் விலை அந்தக் கோலத்தில்தான் நிற்கும். ஃப்ளைட்டுக்கு ஓடுகிறவர் பேரம் பேசமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வாரம் முன்பே ரயிலேறிச் சென்னைக்கு வந்து, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். ‘கமிஷன் கிடையாது’ என்ற போர்டைக் கண்டு உருகிவிடாதீர்கள். கமிஷன் விலைக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ‘ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து, ஆயிரம் டாலர் கைக்கு வர எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் செல்லாது; செக்கோ கார்டோ வேண்டும்.

எல்லாவற்றையும் இங்கேயே மாற்ற வேண்டியதும் இல்லை. ஆளுக்கு 25,000 ரூபாய் வரை நம் நோட்டாகவே கொண்டுபோகலாம். அங்கே, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில் நம் தமிழ் முஸ்லிம்களின் பணமாற்றுக் கடைகள் இருக்கின்றன. சொந்த பாஷையிலேயே பேரம் பேசலாம்.

மிஞ்சியதில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேற்பட்டதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்து மிச்சத்தோடு திரும்பிய தாத்தாவை நான் இன்னும் பார்க்கவில்லை.