கோட்டு போட்ட அண்ணாச்சி

மணியாச்சி ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயரான அண்ணாச்சி எனக்குப் பக்கத்து வீடு. எதிர்க்கட்சியும் அவர்தான். எழுத்தாளர்களில் அவர் கு. அழகிரிசாமி பக்கம், நான் கி. ராஜநாராயணன் பக்கம். சாயங்காலமானால் திண்ணையில் சபை கூடிவிடும். வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட ஊரில் 1911க்குப் பிறகு இவ்வளவு சத்தம் கேட்டதில்லை என்பார் அவர் வீட்டு மதினி.

இடைசெவலில் 1923இல் பிறந்த சேக்காளிகள் இருவரும். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டுக்குப் பின்னால் ஒன்றாகத் திரிந்தவர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலை என்று சென்னைக்கும் மலாயாவுக்கும் போனார். கி.ரா. கரிசலில் சம்சாரியாகவே நின்றார். காசநோயோடு மல்லுக்கட்டியவர் கி.ரா.; 1970இல் நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தவரோ அழகிரிசாமி. சாகித்திய அகாடமி விருது அவர் போன பிறகுதான் வந்தது.

“அகாடமி வண்டி லேட்டு வே. பிளாட்பாரத்துல ஆளு இல்லாதப்ப வந்து நிக்கி” என்பார் அண்ணாச்சி. வண்டிகளைப் பற்றி அவர் சொன்னால் மறுக்க முடியாது.

2021இல் கி.ரா.வை இடைசெவலுக்குக் கொண்டுவந்து, குண்டு முழங்க அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் கோவில்பட்டியில் நினைவரங்கம். அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. “உம்ம ஆளுக்குத் துப்பாக்கி, கட்டடம். குமாரபுரம் ஸ்டேஷனைக் கதையில ஏத்துனவனுக்கு எக்ஸ்பிரஸ் கூட நிக்க மாட்டேங்கு!”

“அவர் எழுதுன கடுதாசியெல்லாம் பத்திரமா வச்சிருந்து புஸ்தகமாக்குனது எங்க ஆளுதான் அண்ணாச்சி” என்றால் மட்டும் கொஞ்சம் இறங்கிவருவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தால் சமாதானம் என்று அர்த்தம்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்தபோது அவருக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை. தெருமுனையில் பத்தடி பிளெக்ஸ். ஆயுசு முழுக்கப் பனியனும் துண்டுமாகத் திரிந்த மனுஷருக்கு ஸ்டுடியோக்காரர் நீலக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார். அழுதுகொண்டிருந்த மதினியே அதைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டுவிட்டார்.

மதினி மகனோடு திருப்பூர் போய்விட்டார். வீடு கைமாறியது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணி, கிரில் கதவு போட்டிருக்கிறார்கள். வந்தவர் நல்ல மனுஷர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே தினமும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார், ரோஜாப்பூவோடு. கி.ரா.வா அழகிரிசாமியா என்று ஒருநாள் கேட்டு அனுப்பினேன். ரெண்டு பேருக்குமே கும்பிடு போட்டு அனுப்பினார். அப்படிப்பட்டவரோடு என்ன சண்டை போட?

போன வாரம் அவரிடமிருந்து ஒரு கேள்வி: “இந்த வீட்டில் முன்பு இருந்தவர் படம் பார்த்தேன் சார். பேங்க் மேனேஜரா?”

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவைத்தேன்.