ராத்தங்கல் நோட்டு

1994-இல் ஹூஸ்டனிலிருந்து முதல்முறையாக ஆர்.வி. எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினோம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. எங்கே ராத்தங்குவது என்பது மட்டும்தான் கேள்வி. கையில் தலையணை பருமனில் ஒரு முகாம் வழிகாட்டி இருந்தது. பெட்ரோல் கணக்கு எழுதுவதற்கென்று மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருந்தாள்.

நியூ மெக்ஸிகோவில் கேலப் என்ற ஊர். பழைய 66-ஆம் எண் சாலையை ஒட்டியே ரயில் பாதை. விடிய விடியச் சரக்கு ரயில்கள். ஒவ்வொரு கிராஸிங்குக்கும் இரண்டு நீள ஊதல், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். காலையில் கணக்குக்குக் கீழே அவள் எழுதினாள்: “ரயில் மிகப் பக்கம். பிள்ளை தூங்கவில்லை. தரை சமம், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டாம். தண்ணீர் நல்ல வேகம்.”

அன்றிலிருந்து அது கணக்கு நோட்டு இல்லை. மின்கம்பத்தில் 30 ஆம்பியரா, 50-ஆ? முப்பது என்றால் 3,600 வாட்தான்; ஏ.சி., மைக்ரோவேவ், வெந்நீர்க் கெட்டில் மூன்றும் சேர்ந்தால் ப்ரேக்கர் விழும். கழிவுக் குழியின் வாய் வண்டியைவிட மேட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒன்றும் வடியாது. ஹோஸைக் கையால் தூக்கித் தூக்கி விட வேண்டும். கடைசித் திருப்பத்தில் கிளை தாழ்வா? வால்மார்ட் வாசலில் இரவு நிறுத்த எந்தக் கடை மேலாளர் சரி என்றார்? எல்லாவற்றையும் எழுதினாள். எரியும் விறகைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, முன்பின் தெரியாதவர்கள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள்.

இப்போது போனிலேயே எல்லாம். நல்லதுதான், அன்று காசுபோட்டுப் பேசும் தொலைபேசி தேடி அலைந்து, “இடமில்லை” என்ற பதிலோடு திரும்பிய இரவுகள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் போன வருடம் 4.7 நட்சத்திரம் என்று நம்பி ஓர் இடத்துக்குப் போனோம். நூற்றுக்கும் மேற்பட்ட கருத்துகள். நீச்சல் குளம், சூரிய அஸ்தமனம், “அருமையான குடும்ப இடம்.” ராத்திரி ஒன்பதரைக்கு இருட்டில் போய்ச் சேர்ந்தால், தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எங்களிடம் இருந்த கட்டைகள் போதவில்லை. கம்பத்தில் மின்னழுத்தம் 100 வோல்ட்டுக்கும் கீழே, ஏ.சி.யின் கம்ப்ரசர் போய்விடும் என்று பயந்து அணைத்துவிட்டு, புழுக்கத்தில் கிடந்தோம்.

“என்னங்க, இத்தனை பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தர்கூடவா மீட்டர் வச்சுப் பாக்கலை?” என்றாள். எனக்கும் அதே கோபம்தான். இடம் நடத்துபவர்மேல் அல்ல, எழுதியவர்கள்மேல். அவர்களும் அந்தச் சரிவில்தான் படுத்திருப்பார்கள்.

நீங்கள் ஆர்.வி.யில் போகிறவரென்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குளத்தைப் படம் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நாலு வரி எழுதுங்கள்: தரை, மின்சாரம், கழிவுக் குழி, ரயில். உங்களுக்குப் பின்னால் ஒருவர் பிள்ளையோடு இருட்டில் வந்துகொண்டிருக்கிறார்.