குட்டி யானையில் பீரோவின் நிலைப்பாடும் வெந்நீரின் வருகையும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓடும் வீடு இரு வகைப்படும். மேல்நாட்டார் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன் முதல் வகை. அதில் மேசை தரையோடு திருகப்பட்டிருக்கும். கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கும். அலமாரிக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வெந்நீருக்குத் தனித் தொட்டியும் உண்டு. இரண்டாம் வகையில் தரையும் சுவரும் பழைய வீட்டுக்காரரிடமே தங்கிவிட, மற்றதெல்லாம் சக்கரத்தில் ஏறும். அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆம்பூரில் வீட்டைக் காலி செய்து வேலூரில் குடிபுகும் குடும்பங்கள் நடத்துவது இந்த இரண்டாம் வகை. சாமான் விழாமல் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் வெந்நீர் கிடைக்க வேண்டும் என்ற இரு சிக்கல்களும் இரண்டு வகைக்கும் பொது. முதல் வகைக்குக் கையேடு உண்டு. இரண்டாம் வகைக்கு மாமாக்கள் உண்டு.

வீடு மாறுவது வேலூருக்குப் புதிதன்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் ஏவலர் கூட்டத்தோடு வேலூர்க் கோட்டையில் குடிவைக்கப்பட்டார்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் இங்கே கொண்டுவரப்பட்டு 1832-இல் இங்கேயே காலமானான். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவன் நினைவிடம். நெடுங்காலம் வெறுமையாக இருந்த கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து 1981-இல்தான் திரும்பி வந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய இடமாற்றம் 2019-இல் நடந்தது. வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் முழுவதும் ஒரு பீரோகூட அசையாமல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குக் குடிபோயிற்று. கயிறே தேவைப்படாத ஒரே நேர்வு அது.

மற்ற நேர்வுகளுக்கெல்லாம் வண்டி வேண்டும். 2005-இல் டாடா நிறுவனம் ஏஸ் என்ற பெயரில் விட்ட சிறு சரக்கு வண்டியைத் தமிழர்கள் குட்டி யானை என்றே அழைக்கிறார்கள். முதலில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., ஏறக்குறைய 16 குதிரைத் திறன். பதினாறு குதிரை சேர்ந்து ஒரு குட்டி யானை என்பது விலங்கியலில் இல்லாத வாய்பாடு. சரக்குத் தட்டு ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். முக்கால் டன் ஏற்றலாம். இரண்டு படுக்கையறை வீடு ஒரு நடையில் அடங்கிவிடும் என்று புரோக்கரும், இரண்டு நடை ஆகும் என்று ஓட்டுநரும் சொல்வார்கள். ஒன்றரை நடை என்பதே உண்மை. அந்த அரை நடையில் ஏறுபவை பூந்தொட்டி, துணி காயப்போடும் கொடிக்கம்பி, யாரும் தூக்கிப்போட மனம் வராத பழைய மிக்ஸி.

ஏற்றப்படும் சாமான்களில் ஆய்வுக்குரியது பீரோ ஒன்றே. முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல், அத்துணி விரித்த மேசைக்கு ஆகி, பிறகு மேசை போட்ட அலுவலகத்துக்கு ஆகி, தமிழுக்கு வந்ததும் பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்கும் இரும்பு அலமாரியாக நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதில்தான் சிக்கல். பொதுவான பீரோவின் உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. நின்றுகொண்டிருக்கும் பொருள் எப்போது சாயும் என்பதை அதன் ஆழத்தை உயரத்தால் வகுத்து அறியலாம். 19-ஐ 78-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.24. புவியீர்ப்பில் கால்பங்கு அளவுக்கு வண்டி சடக்கென வேகம் குறைந்தாலே பீரோ முன்னே சாயும் என்பது இதன் பொருள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 26 மீட்டருக்குள் நின்றால் அந்த அளவு வந்துவிடும். குறுக்கே ஆடு வந்தால் ஓட்டுநர் 10 மீட்டருக்குள் நிறுத்துவார். அப்போது 80 கிலோ பீரோவின் மேல் விழும் தள்ளல் 50 கிலோ மூட்டையின் எடைக்குச் சமம்.

ஆகவே பீரோவின் முதுகை ஓட்டுநர் அறைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதே முறை. பிரேக் போட்டால் அது சுவரில் சாயும், சுவர் தாங்கும். பின்பக்கம் சாயுமோ என்ற அச்சம் தேவையில்லை. பீரோவைப் பின்னே தள்ளும் அளவுக்கு வேகமெடுக்கப் பதினாறு குதிரைகளால் எளிதில் ஆகாது. படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்போரும் உண்டு. ஏழடித் தட்டில் அது நீட்டிப் படுக்கும் என்பது மெய்தான். ஆனால் அதன் மேல் மூட்டை ஏறும், கதவு நெளியும், கண்ணாடி போகும், பூட்டு அதன்பின் சாவியை ஏற்காது. வழியில் பள்ளிகொண்டாவில் உத்திர ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். பீரோவுக்கு அந்த உரிமை இல்லை.

முதுகை முன்னே வைத்தால் முகம் பின்னே வரும். முகத்தில் ஆளுயரக் கண்ணாடி இருக்கும். ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் சாலை வடகிழக்காகப் போவதால் காலையில் ஏற்றினால் தொல்லை இல்லை. பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர் தம் முகத்தையும் தம் பேருந்தின் நெற்றிப் பெயரையும் இடவலம் மாறிப் பார்த்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான். மாலையில் ஏற்றினால் மேற்கு வெயில் கண்ணாடியில் பட்டு அவர் கண்ணில் அடிக்கும். ஒரு பழைய போர்வையை மூடிக் கட்டினால் தீர்ந்தது. அந்தப் போர்வையோ முதல் மூட்டையிலேயே கட்டி அடியில் போடப்பட்டிருக்கும்.

கட்டுவது தனிக்கலை. நைலான் கயிறு மலிவு, வலு மிகுதி. ஆனால் வழுவழுப்பு, முடிச்சு நழுவும். சணல் கயிறு பிடிக்கும், ஆனால் நனைந்தால் இறுகி, பிறகு அவிழ்க்க அரிவாள் கேட்கும். லாரித் தொழிலில் கைதேர்ந்தவர்கள் போடும் கட்டு ஒன்றுண்டு. கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குக் கண் போட்டு, நுனியை வண்டியின் பக்கக் கொக்கியில் மாட்டி, மறுபடி அந்தக் கண்ணுக்குள் விட்டுக் கீழே இழுப்பார்கள். உராய்வைக் கழிக்காமல் கணக்கிட்டால் இழுக்கும் பலம் மூன்று மடங்காகும். உராய்வைக் கழித்தாலும் ஓர் ஆள் ஓர் ஆளுக்கு மேலாவது உறுதி. கொக்கியில் காலை ஊன்றி, உடம்பை மல்லாத்தி, பல்லைக் கடித்து இழுக்கும் லோடுமேனிடம் "போதுமா தம்பி?" என்று கேட்டால், "அதெல்லாம் எங்கியும் போவாதுண்ணே" என்பார். பெரும்பாலும் போகாது.

கயிறு பீரோவின் விளிம்பில் உராய்ந்து பெயிண்ட் போவதைத் தடுக்கப் பிற ஊர்களில் சாக்கும் அட்டையும் செருகுவார்கள். காலணித் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அதற்கு வெட்டுத் தோலைவிட ஏற்ற பொருள் இல்லை. ஷூ மேல்பாகத்துக்கு வெட்டியது போக மிஞ்சும் உள்ளங்கை அகலத் துண்டு, சொரசொரப்பான உட்புறம் கயிற்றைப் பார்க்கும்படி மடித்து வைக்கப்படுகையில், பெயிண்டையும் காக்கிறது, கயிற்றையும் நழுவவிடுவதில்லை. ஐரோப்பியக் கால்களுக்கென வெட்டிய தோலின் மிச்சம் கஸ்பாவிலோ காட்பாடியிலோ ஒரு பீரோவின் மூலையைக் காப்பதை ஏற்றுமதிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃபிரிட்ஜ் நின்றபடி வர வேண்டும்; சாய்த்துக் கொண்டுவந்தால் கம்பிரசர் எண்ணெய் இடம் மாறிவிடும் என்பதால் இறக்கிச் சில மணி நேரம் விட்டே சுவிட்ச் போட வேண்டும். கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மெத்தை எல்லாவற்றுக்கும் நடுவில் செருகப்படும். டி.வி. வீட்டுத் தலைவரின் மடியில் வரும். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுவது சட்டப்படி தவறு. ஆயினும் கவிழ்த்த கட்டிலின் கால்களுக்கிடையே ஒரு மைத்துனர் உட்கார்ந்து, தாமே எல்லாவற்றையும் பிடித்திருப்பதான பாவனையில் வருவது வழக்கம். அவரைக் கட்டுவதில்லை.

மாதனூர், பள்ளிகொண்டா டோல்கேட் என நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வரை எதுவும் விழாது. விழுவதெல்லாம் கடைசித் தெருவில் விழும். அரசு அளவு எதற்கும் அடங்காமல் தெருவாசிகளே போட்ட ஸ்பீடு பிரேக்கர் அங்கேதான் இருக்கும். வீடு வந்துவிட்டது என்ற நினைப்பில் பின்கதவுக் கொக்கியை முன்கூட்டியே எடுப்பதும் அங்கேதான்.

இனி வெந்நீர். ஏற்றும் வரிசையும் இறக்கும் வரிசையும் தலைகீழானவை. கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். மஞ்சள், உப்பு, நிறைகுடம், விளக்கு ஆகியவை கையிலேயே வந்துவிடும். அடுத்து இறங்க வேண்டியவை அடுப்பும் சிலிண்டரும். பால் காய்ச்சாமல் பீரோ உள்ளே நுழையாது. பால் பொங்கிய பிறகு நாள் முழுவதும் தூசியில் புரண்ட பத்துப் பேர் குளிக்க வேண்டும். ஆடி, மார்கழி பார்க்கும் குடும்பங்கள் தைக்காகக் காத்திருந்து மாறுவதால், அந்தக் குளியல் சரியாகக் குளிர்காலத்தில் வந்து விழுகிறது. ஆடி பார்க்காத வீடுகளும் இவ்வட்டாரத்தில் நிறைய. எனினும் பள்ளி விடுமுறையும் வீட்டு ஒப்பந்தமும் அவர்களையும் ஏதோ ஒரு வசதியற்ற மாதத்தில்தான் நகர்த்துகின்றன.

பழைய வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைக்குழாய், அதன் அடியில் கொட்டாங்குச்சி எரியும் தட்டு, சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது குழாய் வழியே அடிக்குப் போய், மேலே மிதக்கும் சூட்டுத் தண்ணீரை மூக்கு வழியே ஒரு சொம்பு வெளியே தள்ளும். கொடுத்தால்தான் தரும் என்ற கறாரான கருவி அது. உள்ளே தண்ணீரில்லாமல் எரிந்துகொண்டிருக்க அதற்கு வாய்ப்புக் குறைவு.

கீசருக்கு அந்த நாணயம் இல்லை. அதில் காலித் தொட்டியோடு சுவிட்ச் போட்டாலும் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே தண்ணீர் தொடாத ஹீட்டர் கம்பி சில நிமிடங்களில் கருகிவிடும். கழற்றிக் கொண்டுவந்த கீசரைப் புது வீட்டில் மாட்டியதும் முதலில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பி, பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். முதலில் காற்று சீறும். அடுத்துத் தும்மல் தும்மலாகத் துருநிறத் தண்ணீர் வரும். கடைசியில் தடையில்லாமல் ஒழுகும். அப்போதுதான் சுவிட்ச். 25 லிட்டர் கீசர், 2,000 வாட், 22 டிகிரித் தண்ணீர் எனில் 60 டிகிரியாக அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய வீட்டில் கழற்றும்போது அதை வடித்திருக்கவும் வேண்டும். வடிக்காமல் ஏற்றினால் 25 கிலோ ஆம்பூர்த் தண்ணீர் இலவசப் பயணமாக வேலூர் வரும், பெரும்பாலும் மெத்தை வழியாக.

பிளம்பர் நாளைக்குத்தான் வருவார் என்பதால் முதல் நாள் ஆட்சி ஹீட்டர் ராடுக்கே. 1,500 வாட் ராடு ஒரு 20 லிட்டர் வாளியை 22 டிகிரியிலிருந்து 42-க்குக் கொண்டுவர ஏறக்குறைய இருபது நிமிடம். மின்சாரம் அரை யூனிட். தண்ணீருக்குள் ராடை வைத்த பின்பே சுவிட்ச் போட வேண்டும். சுவிட்சை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிய பின்பே தண்ணீரைத் தொட வேண்டும். சூடாயிற்றா என்று விரலை விட்டுப் பார்ப்பது ஆய்வு முறையாகாது.

ராடின் மேல் பூக்கும் வெள்ளை உப்பைத் தோல் தொழிற்சாலைகளின் கணக்கில் எழுதுவது இங்கே வழக்கம். அது முழுதும் நியாயமன்று. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்த கதை உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996 ஆகஸ்ட் 28-இல் பெயர்பெற்ற தீர்ப்பாயிற்று என்பது உண்மை. ஆனால் பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு சமையல் உப்பு; அது சூட்டில் படியாது, கரைந்தே இருந்து இரும்புத் தொட்டியின் பற்றவைப்பை அரிக்கும். ராடில் ஒட்டுவது பாறையிலிருந்து போர் தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு. காய்ச்சும்போது பிரிந்து படிகிறது. குற்றவாளிகள் இருவர், குற்றங்கள் வேறு வேறு. சுண்ணாம்பை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து எடுத்துவிடலாம். அரித்த தொட்டிக்கு மருந்தில்லை.

முதல் வாளி லோடுமேன்களுக்கு, இரண்டாவது குழந்தைகளுக்கு, கடைசியாக வீட்டு அம்மாவுக்கு என்பது ராடு பயன்படுத்தும் வீடுகளில் காணப்படும் வரிசை. கடைசி வாளி சூடாவதற்கு முன் கரண்ட் போய்விடும். சித்திரையில் வீடு மாறுவோர் வெந்நீர் பற்றிய இப்பகுதியைப் படிக்க வேண்டியதில்லை. வேலூரில் அந்த மாதம் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியின் குழாயைத் திறந்தாலே போதும், பச்சைத் தண்ணீருக்குத்தான் இரவு பத்து மணி வரை காத்திருக்க வேண்டும்.